உப்பு குறைந்தால் புத்தி தடுமாறுமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

என் அம்மாவுக்கு 71 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக நாள், கிழமை தெரியவில்லை. சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். மறதி நோய் வந்துவிட்டதா டாக்டர்?
வாசகி, விருதுநகர்

மறதி நோய் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வருவதில்லை அம்மா. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லப் பிடிப்பது. நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் திடீரென்று குழம்பினால், நான் உடனே பார்க்கச் சொல்லும் பரிசோதனைகளில் ஒன்று இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பிலுள்ள தாது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது வேகமாக இறங்கினால் இரத்தத்திலுள்ள நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால்தான் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பம், கடைசியில் வலிப்பு.

அம்மாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று ஏதாவது இருக்கிறதா? நல்ல மருந்துகள்தான். ஆனால் வயதானவர்களில் சிலருக்கு, குறிப்பாக ஒல்லியான பெண்களுக்கு, சோடியத்தை இறக்கிவிடும். அதோடு "பிரஷருக்கு உப்பே ஆகாது" என்று உப்பில்லாக் கஞ்சி, கூடவே செம்பு செம்பாகத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியை இரண்டு மகன்கள் தூக்கி வந்தார்கள். ரசத்தில் சர்க்கரை போட்டாராம், மருமகளை எப்போதோ இறந்துபோன தங்கை பெயரால் கூப்பிட்டாராம். முதியோர் இல்லத்துக்கு விசாரித்துவிட்டே வந்திருந்தார்கள். சோடியம் 117. மாத்திரையை மாற்றி, மெதுவாக ஏற்றினோம். ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸ் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "பால்காரனுக்கு இந்த மாசக் கணக்கை யார் தீர்த்தது?" என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் இன்றே அழைத்துப் போங்கள். வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நாட்பட்டுக் குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை பாதிக்கப்படும். மருத்துவமனையிலேயே ஒரு நாளைக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல்தான் பார்த்துக்கொள்வோம். வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் துவளுதல் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கட்டட வேலை மேற்பார்வை. வெயிலில் நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். ஆனாலும் மூன்று மணிக்கு மேல் தலை வலிக்கிறது, கணக்கு தப்புகிறது.
வாசகர், திருப்பூர்

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. நக்கிப் பார்த்தாலே தெரியும். காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறதென்றால் உங்களுக்குப் போவது அதிகம். நீங்கள் தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றுகிறீர்கள்.

நரம்புச் செல் ஒவ்வொன்றும் ஓயாமல் மூன்று சோடியம் துகள்களை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் துகள்களை உள்ளே இழுக்கிறது. அந்த ஏற்பாட்டில்தான் சிந்தனை ஓடுகிறது. அதற்காகத் தண்ணீரையும் குறைத்துவிடாதீர்கள்: உடல் எடையில் சுமார் 2 சதவீதம் நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும்.

காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பதினொரு மணிக்கு நீர்மோர், மதியச் சாப்பாட்டை விடாமல் சாப்பிடுவது. பெரும்பாலோருக்கு இதுவே போதும். பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, பேதி, கடும் வியர்வை என்றால் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். அட்டையில் இந்த அளவு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பழச்சாறு மாதிரி இனிக்கும் டப்பா பானங்கள் அந்த வேலையைச் செய்யாது. பாக்கெட்டை அது சொல்லும் முழு அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை டம்ளரில் கெட்டியாகக் கலக்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று: வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயது 34. எழும்போதே அசதி, ஃபைலைப் படித்தால் மண்டையில் ஏறவில்லை, முடியும் கொட்டுகிறது. ஹீமோகுளோபின் 12.2, "நார்மல்" என்கிறார்கள்.
வாசகி, மதுரை

நார்மல்தான், ஆனால் விளிம்பில். இரத்தம் குறைவதற்கு முன்பே சேமிப்பில் உள்ள இரும்புச்சத்து தீர்ந்துபோகும். ஹீமோகுளோபின் அதைக் காட்டாது. ஃபெரிட்டின் என்ற பரிசோதனை காட்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு என்றே எடுத்துக்கொள்வேன். கூடவே தைராய்டும் பி12-ம் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரைக்கும் பயறுக்கும் மேலே எலுமிச்சை பிழியுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். வயிறு புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டாலும் இரும்பு நன்றாகவே சேரும்.

இந்துப்புக்கு மாறினால் மூளை சுறுசுறுப்பாகுமா?
வாசகர், தஞ்சாவூர்

ஆகாது. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் இருப்பது துளியூண்டு. அயோடின் சேர்க்காத உப்பு என்றால் தைராய்டுக்குத்தான் நஷ்டம். தைராய்டு மந்தமானால் மனமும் மந்தமாகும். கர்ப்பிணி உள்ள வீட்டில் அயோடின் உப்பை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது தேவை.

பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு ஞாபக சக்திக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுக்கலாமா?
வாசகி, சேலம்

குறைபாடு இல்லாத பையனுக்குக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். கேழ்வரகு, எள், வேர்க்கடலை, கீரை, பயறு எல்லாவற்றிலும் மெக்னீசியம் இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று எழுதவில்லையே?

அப்பாவுக்குச் சர்க்கரை, கிரியேட்டினின் 2.4. சோர்வுக்குத் தினமும் இளநீர் கொடுக்கிறோம். சரியா?
வாசகர், நாகர்கோவில்

இன்றோடு நிறுத்துங்கள். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். கிரியேட்டினின் 2.4 என்றால் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, அது பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது. இரத்தத்தில் ஏறினால் கை கால் தளரும், இதயத் துடிப்பே தாறுமாறாகும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதையும் தொடாதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்தான். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலேக்டோன் போடுகிறார் என்றால் ஆபத்து இன்னும் கூடும். நாளைக் காலையிலேயே பொட்டாசியம் பார்த்து, முடிவோடு அவருடைய சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். இதற்குள் கை கால் துவண்டாலோ நெஞ்சு படபடத்தாலோ காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.