முகவர் யாருக்காகப் பேசுகிறார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விளையாட்டு வீரர்களின் முகவர் உண்மையில் என்னதான் செய்கிறார்? திறமையும் உழைப்பும் வீரருடையதாக இருக்க, நடுவில் ஒருவர் கமிஷன் வாங்குவது நியாயமா?

பதில்: வேலையைச் செய்கிறவராக இருந்தால் நியாயம்தான். கிளப்பின் சார்பில் பேச வருபவர் ஆண்டுதோறும் பல ஒப்பந்தங்களை முடிப்பவர். எந்த வீரருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த இடத்தில் இறங்கி வருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீரருக்கோ விளையாடும் காலம் முழுவதிலும் அத்தகைய பேச்சுவார்த்தை ஒரு சில முறைதான் வாய்க்கும். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டவே முகவர் தேவைப்படுகிறார். சம்பளத் தொகையைப் பேசுவது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். காயம்பட்டு ஓர் ஆண்டு விளையாட முடியாமல் போனால் ஊதியம் தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, கிளப் பாதியில் கைவிட்டால் மீதித் தொகை வருமா என்பவற்றை எழுத்தில் வாங்குவதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரியும்.

தொழிலும் புதிதல்ல. 1925ல் ரெட் கிரேஞ்ச் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் (ரக்பி போன்ற ஆட்டம்) வீரர் கல்லூரி ஆட்டங்களை முடித்த கையோடு சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தபோது, அவருக்காகப் பேசியவர் சி.சி. பைல் என்ற திரையரங்க உரிமையாளர். முதல் முகவர் என்று பலரும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். பிற்பாடு கிளீவ்லாந்து வழக்கறிஞரான மார்க் மெக்கார்மக், கோல்ஃப் வீரர் அர்னால்டு பாமருடன் வெறும் கைகுலுக்கலில் தொடங்கிய உறவை ஐ.எம்.ஜி. என்ற உலக நிறுவனமாக வளர்த்தார். பரிசுத் தொகையைவிட வீரரின் பெயருக்கு வரும் விளம்பர வருமானம் பல மடங்கு பெரிதாகலாம் என்பதை இத்தொழிலுக்குக் காட்டியவர் அவர். கிரிக்கெட்டில் அதே பாதையை 1995ல் சச்சின் டெண்டுல்கருக்காக வேர்ல்ட்டெல் நிறுவனத்தின் மார்க் மஸ்கரேனஸ் செய்த ஒப்பந்தம் திறந்துவிட்டது.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கால்பந்தாட்டத்தில் நல்ல பெயர் எடுத்து வருகிறான். ஒரு முகவர் வீடு தேடி வந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறார். பணம் எதுவும் வேண்டாம், பூட்ஸ் முதல் பயணச் செலவு வரை தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்றும், நாங்களே ஒரு கிளப்புடன் பேசி முடித்தால் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்திடலாமா ஐயா?

பதில்: இந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2023ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கால்பந்து முகவர் விதிகள், நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்று அம்சங்களையும் ஏற்பதில்லை. வீரருடனான பிரதிநிதித்துவ ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. தானாகப் புதுப்பிக்கும் பிரிவு செல்லாது. வீரர் தாமே பேசிக்கொள்ளும் உரிமையைத் தடுக்கவோ அதற்குத் தண்டம் விதிக்கவோ முடியாது. இவற்றை அறியாத முகவர் என்றால் அவருக்குத் தொழில் தெரியவில்லை. அறிந்தும் எழுதியிருக்கிறார் என்றால் அவரிடம் உங்கள் பிள்ளையை ஒப்படைப்பது சரியல்ல.

வயது விஷயத்திலும் விதி தெளிவாக இருக்கிறது. அந்தந்த நாட்டில் ஒரு வீரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யக்கூடிய வயதை எட்டுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னால்தான், அதுவும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன்தான், முகவர் அவரை அணுகலாம். அவர் வீடு தேடி வந்தபோது இந்த இரண்டும் இருந்தனவா என்று பாருங்கள். உரிமம் வைத்திருக்கிறாரா என்பதையும் அவருடைய முகவரி அட்டையை நம்பி முடிவு செய்யாமல், ஃபிஃபா வெளியிடும் உரிமதாரர் பட்டியலில் தேடிச் சரிபாருங்கள்.

இலவசம் என்ற பேச்சுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. இன்று வாங்கித் தரும் பூட்ஸும் பயணச் சீட்டும் நாளை கடன் கணக்காக மாறி, மகன் வேறு முகவரிடம் போக நினைக்கும் நாளில் குடும்பத்தின் முன் வைக்கப்படலாம். எந்தச் செலவு அன்பளிப்பு, எந்தச் செலவு திருப்பித் தர வேண்டியது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு வேறொரு முகவரின் ஒப்பந்தம் வந்தாலும், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிப் பின்வரும் இடங்களை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்: கமிஷன் கையில் வரும் ஊதியத்தின்மீதா, வருமா வராதா என்று தெரியாத ஊக்கத்தொகையையும் சேர்த்தா, ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவருக்குக் கமிஷன் தொடருமா, எத்தனை நாள், வங்கிக் கணக்கை இயக்கும் பவர் பத்திரம் எதுவும் நடுவில் செருகப்பட்டிருக்கிறதா. சம்பளம் மகனின் கணக்குக்கு நேரே வந்து, அதிலிருந்து நீங்கள் கமிஷன் கொடுப்பதே முறை. முகவரின் கணக்குக்குப் போய் மிச்சம் திரும்பி வரும் ஏற்பாட்டுக்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: என் அண்ணனே எனக்கு முகவராக இருக்க முடியுமா?

பதில்: கால்பந்தில், உரிமம் பெற்றால் இருக்கலாம், உறவினர் என்பதற்காக இன்றைய ஃபிஃபா விதிகளில் விலக்கு இல்லை. மற்ற ஆட்டங்களில் விதி மாறும் என்பதால் உங்கள் சங்கத்தில் கேளுங்கள். அண்ணனாகவே இருந்தாலும் கமிஷன் எவ்வளவு என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கமிஷன் எவ்வளவு இருக்கலாம்? ஒரே முகவர் வீரரிடமும் கிளப்பிடமும் பணம் வாங்குவதாகக் கேள்விப்படுகிறேன். அது சரியா?

பதில்: அமெரிக்காவில், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் வீரர்கள் சங்கம் ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதத்துக்கு மேலும், கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர்கள் சங்கம் 4 சதவீதத்துக்கு மேலும் முகவர் வாங்க அனுமதிப்பதில்லை. விளம்பர ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை வாங்குவது வழக்கம். அங்கே வாய்ப்பைத் தேடிக் கொண்டுவருபவரே முகவர் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கால்பந்தில் ஃபிஃபா கமிஷனுக்கு உச்சவரம்பு விதித்தது. முகவர்கள் பல நாடுகளில் வழக்குத் தொடுத்தார்கள். 2023 டிசம்பரில் அந்த வரம்பையும் இரு தரப்பு பிரதிநிதித்துவம் பற்றிய விதிகளையும் ஃபிஃபா உலக அளவில் நிறுத்தி வைத்தது.

ஆகவே இரு பக்கமும் வாங்குவது குறித்து வீரர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். என் கருத்து உறுதியானது: வீரருக்கு ஊதியம் கூடுவதற்காகப் பேசுபவர், அந்த ஊதியத்தைக் குறைக்க விரும்பும் கிளப்பிடமும் பணம் பெற்றால், அவருடைய விசுவாசம் பிளவுபட்டுவிடுகிறது. இரு தரப்பின் எழுத்துபூர்வமான சம்மதம் இருந்தால் போதும் என்பார்கள். இளம் வீரருக்கு முன்னால் ஆட்டம் தொடங்கப் போகும் நாளில் ஒரு தாளை வைத்து வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாக மதிப்பதில்லை. “இந்தக் கிளப் மாற்றத்தில் வேறு யாரிடமிருந்து, எவ்வளவு பெறுகிறீர்கள்?” என்று கேட்டு, பதிலைக் கையொப்பத்துடன் வாங்குங்கள்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. இத்துறைக்கு வர விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: கால்பந்து என்றால் ஃபிஃபா தேர்வு எழுத வேண்டும், 20 கொள்குறி வினாக்கள், தேர்ச்சிக்கு 75 சதவீதம். விதிநூலைப் பார்த்தே எழுதலாம் என்றாலும் அதில் புழங்காதவருக்கு நேரம் போதாது. அதற்கு முன், வீரர்களின் ஊதியத் தகராறுகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேருங்கள். ஒப்பந்தம் எந்த வரியில் உடைகிறது என்பதை அங்கேதான் கண்ணால் காணலாம். பெரிய வீரர்களைத் துரத்தாமல், இன்னும் யாரும் கவனிக்காத வீராங்கனைகளின் ஆட்டங்களைப் போய்ப் பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் அங்கே மிகவும் தேவைப்படுகிறார்கள். முதல் வீராங்கனையின் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி அதன் கமிஷன் கைக்கு வரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை சட்டத் தொழிலில் வருமானத்துக்கு வழி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.