ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பழைய கார் வாங்கலாமா? முற்பணம் அனுப்பச் சொல்கிறார்கள், அனுப்பலாமா?

முதலில் ஒன்று. லீசிங், அதாவது காருக்காகக் கம்பனியில் எடுத்த தவணைக் கடன், கட்டி முடியாத கார் என்றால், விற்பவரோடு அந்த லீசிங் கம்பனிக் கிளைக்கே போய் உட்காரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வியைப் பார்த்ததுமே உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசு இருக்கும், முழு விலைக்குக் காணாது. ராத்திரியில் இக்மன், ரியசெவன என்ற விளம்பரத் தளங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இலங்கை மலையகத்தில் நல்ல கார் அகப்படாது, கம்பஹா, குருநாகல், நீர்கொழும்பு என்றுதான் வரும். 2021இல் நானும் அப்படித்தான் இருந்தேன். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியிருந்தார்கள். சொந்தப் பாவனைக்கு மறுபடியும் கார் வர விட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. இந்தக் கிழமை விட்டால் இனி எப்போதும் முடியாது என்ற பதற்றம் எனக்கு.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடம் உழைத்த அப்பா, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் ஆறு லட்சத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மாவை மாதா மாதம் நுவரெலியா கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். விடியற்காலைப் பனியில் ஆட்டோவில் போய் வந்தால் இரண்டு நாளைக்கு எழும்ப மாட்டார். கார் தேடியதே அதற்காகத்தான், பகட்டுக்கு இல்லை.

நீர்கொழும்புப் பக்கத்து விளம்பரம் ஒன்று வந்தது. ஆல்டோ. ஆறு லட்சம் கையில் கொடுத்துவிட்டு, மீதி லீசிங்கை மாதம் 32,000 வீதம் கட்டிக்கொண்டு போனால் சரி. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அன்றைய விலையைவிட நன்றாகவே குறைவு. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். அந்த ஆள் மரியாதையாகப் பேசினார், தேநீர் கொடுத்தார். "லீசிங்கை உங்கள் பெயருக்கு மாற்றப் போனால் ஆவணச் செலவு, பிணையாள் என்று அலைய வைப்பார்கள் தம்பி. என் பெயரிலேயே ஓடட்டும். என் கணக்குக்குப் போடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்றார். சட்டத்தரணி ஒருவரிடம் போய் ஒப்பந்தமும் எழுதிக் கையெழுத்து வைத்தோம். அந்தத் தாள் என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

ஐந்து மாதம் தவறாமல் பணம் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் லீசிங் கம்பனியின் ஆட்கள் மூன்று பேர் வந்து காரை மறித்துக் கடிதம் ஒன்றைக் காட்டினார்கள். நான் அனுப்பிய ஒரு தவணையைக்கூட அந்த ஆள் கட்டவில்லை. எனக்கு விற்பதற்கு முன்னாலேயே நிலுவை இருந்திருக்கிறது. பின் சீட்டில் அம்மா மருந்துப் பையோடு இருந்தார். ரோட்டில் அத்தனை பேரும் பார்க்க இறங்கச் சொன்னார்கள். கார் போய்விட்டது. பொலிசுக்குப் போனேன், இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். அந்த ஆளின் போன் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

படித்தவன் இப்படி ஏமாறலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். லீசிங் கட்டி முடியும்வரை காரின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர்தான் இருக்கும். விற்பவர் வெறும் பதிவு உரிமையாளர். நீங்களும் அவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் கம்பனியைக் கட்டுப்படுத்தாது. இதை எங்கள் ஊரில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. கம்பனியை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் தங்கள் காரைத்தான் எடுத்தார்கள். விளம்பரம் வந்த தளத்தையும் குறை சொல்லவில்லை.

2023இல் மறுபடியும் ஆன்லைனில் பார்த்துத்தான் வாங்கினேன். இந்த முறை மாவனல்லையில். போவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தளத்தில் நம்பரைப் போட்டு, முழு உரிமையாளர் யார், எஞ்சின் நம்பர் என்ன என்று பார்த்துக்கொண்டேன். லீசிங் இருந்தது. விற்பவரும் நானும் கிளைக்குப் போய், முடித்துவிட எவ்வளவு என்று கடிதமாக வாங்கி, அந்தத் தொகையைக் கவுன்டரிலேயே கட்டி ரசீது எடுத்தேன். மிச்சத்தைத்தான் அவர் கையில் கொடுத்தேன், அதுவும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து, உரிமை மாற்றும் படிவத்தில் என் கண் முன்னால் கையெழுத்து வாங்கிய பிறகு. பெயர் எழுதாத வெற்றுப் படிவத்தில் பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் இருந்து, கார் நாலு கை மாறி வந்திருந்தால் தொடாதீர்கள். நாளைக்கு ஏதாவது வந்தால் அந்த முதல் ஆளை எங்கே போய்த் தேடுவது?

கூடவே கொட்டகலையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸையும் கூட்டிப்போயிருந்தேன். அவருடைய ஒரு நாள் கூலி எனக்குப் பெரிய காசுதான், ஆனாலும் கொடுத்தேன். போனவுடன் அவர் பொனட்டில் கை வைத்துப் பார்த்தார். நாங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் எடுக்காத எஞ்சினைக் கண்டுபிடிக்க முடியாது, நுவரெலியாக் குளிரில்தான் அது தெரியவரும். கீழே படுத்துத் துரு பார்த்தார். கடலோரத்தில் ஓடிய காருக்கு மேலே பெயின்ட் பளபளக்கும், அடித்தட்டு தின்றுபோயிருக்கும். பிறகு எல்லோரும் ஏறிக் கடுகண்ணாவ ஏற்றத்தில் விட்டோம். கிளட்ச் வாடை வருகிறதா, சூட்டு முள் ஏறுகிறதா என்று பார்த்தார். திரும்பி இறங்கும்போது பிரேக்கைப் பார்த்தார். சமதரையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வாங்கிய கார் கினிகத்தேனை தாண்டும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். மலையில் ஓட்ட வாங்குகிறவர் மலையில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என் பெயருக்குப் புத்தகம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். தபால் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கேயே கிடந்தது. ஒரு மாதம் கழித்து வேறு அலுவலாகப் போனபோது எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான் விலாசம். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று அதே 2023இல் ஊர் ஊராக விழா எடுத்தார்கள். என் பெயருக்கு வரும் கடிதம் என் கைக்கு வர ஒரு வீட்டு இலக்கம் இன்னும் இல்லை. பாங்க் கடிதம், வேலைக்கு நேர்முகக் கடிதம் என்று இப்படிக் கிடந்து காலம் கடந்துபோனவை எத்தனையோ. இதைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

முற்பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காரைக் காணுமுன் ஐயாயிரம்கூட அனுப்பாதீர்கள். "பின்னேரம் இன்னொருவர் வருகிறார், இப்போதே போட்டால் பிடித்து வைக்கிறேன்" என்று சொன்னால், அவருக்கே கொடுங்கள் என்று போனை வையுங்கள். இரண்டாவது முறை தேடியபோது நான் அப்படி இரண்டு கார்களை விட்டேன். மூன்று மாதம் கழித்தும் அதில் ஒன்று அதே படங்களோடு, வேறொரு போன் நம்பரில், விளம்பரத்தில் இருந்தது.