பழைய போட்டோவுக்கு வயசு என்ன?

கேள்வி: இங்கிலாந்து கிராமங்களோட பழைய போட்டோ போஸ்ட்கார்டு சேர்க்கிறேன், பல கார்டுல வருஷமே இல்ல. எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில்: மொதல்ல கார்டைத் திருப்புங்க. பின்பக்கம் நடுவுல கோடு போட்டு பாதி சேதிக்கு, பாதி அட்ரஸுக்குன்னு இருந்தா 1902 இல்ல அதுக்குப் பிந்தினது, அதுக்கு முன்னாடி அங்க பின்பக்கம் அட்ரஸுக்கு மட்டும்தான், பாவம் சேதியை படத்து ஓரத்துல நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பாங்க. உள்நாட்டுக் கார்டுல அரை பென்னி ஸ்டாம்ப் இருந்தா அநேகமா 1918 ஜூனுக்கு முன்னாடி அனுப்பினது, அப்புறம் ஒரு பென்னி ஆயிடுச்சு. ஆனா போஸ்ட் பண்ண தேதியில எடுத்த போட்டோன்னு மட்டும் நம்பிடாதீங்க, ஒரே படத்தை வருஷக்கணக்கா வித்திருக்காங்க! சர்ச் பக்கத்துல முதல் உலகப்போர்ல செத்தவங்க பேர் பொறிச்ச நினைவுத்தூண் தெரிஞ்சா பெரும்பாலும் 1918-க்கு அப்புறம்தான்.