பிள்ளைகளோடு ஏற மதுரைக்குப் பக்கத்திலேயே மலை இருக்கிறது

கேள்வி: மதுரை பழங்காநத்தத்தில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டில் ஆளுக்கொரு போன். எங்காவது மலைப்பக்கம் நடக்கப் போகலாம் என்றால், “அதுக்குக் கொடைக்கானல்தான் போகணும், மூணு நாள் லீவு வேணும்” என்கிறார் கணவர். போன வருஷம் ஒரு மலைக்குப் போய், பாதி வழியிலேயே வெயில் தாங்காமல் மகன் தூக்கச் சொல்லி அழுது, திரும்பி வந்துவிட்டோம். குடும்பத்தோடு நடக்கப் பக்கத்திலேயே இடம் இருக்கிறதா? எப்படித் தேடுவது? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இருக்கும் ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் பாறைக் குன்றுகள். ஈராயிரம் வருஷத்துக்கு முன்பு சமணத் துறவிகள் தங்கிய குகைகளும், அவர்கள் படுத்த கற்படுக்கைகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலும் சின்னக் குன்றுகள். ஏறிப் போனால் பார்க்க ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் உங்கள் மகன் அழுத விஷயம். வெயில் ஒரு காரணம். இன்னொன்று, உச்சிக்குப் போக வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாறையிடுக்கில் ஓடுகிற ஓணானும், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரும் போதும். அவன் நிற்கிற இடத்தில் எல்லாரும் நில்லுங்கள். அவனுக்குப் போதும் என்றால் அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். மலை எங்கேயும் போகாது, அடுத்த மாதம் அதே மலைக்குப் போனால் இன்னும் கொஞ்சம் மேலே ஏறுவான்.

உங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை போய் உள்ளே திரும்ப வேண்டும். பஸ்ஸில் போனால் அங்கே இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள், தாமரைக்குளம். கோயிலை ஒட்டி மேலே ஏறப் பாறையில் படி வெட்டி, கைப்பிடிக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் பக்கத்துப் பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியவை.

அங்கே போனதும் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். தேடச் சொல்லுங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருப்பது யாருக்கு? அவர் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதர். அசையாமல் நின்று தவம் செய்ததில் காலைச் சுற்றிக் கொடி படர்ந்துவிட்டதே, அது யார்? அவர் சமணத் துறவி பாகுபலி. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் இதில் அப்படியே மூழ்கிவிடுவார்கள். வட்டெழுத்தில் ஒரு எழுத்தைப் பார்த்துத் தாளில் வரைந்துகொண்டு வரட்டும். சிற்பத்திலும் கல்வெட்டிலும் கை வைக்கவோ, கரியால் பேர் எழுதவோ கூடாது என்பதை மட்டும் ஏறும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அங்கே ஏற்கெனவே கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அதே மலையின் தென்மேற்கில் செட்டிப்புடவு என்று ஒரு குகை. தாமரைக்குளத்துப் பக்கமிருந்து மலையடிவாரமாகவே நடந்து போகலாம். குகை வாசலில் பெரிய சிற்பமாக மகாவீரர் உட்கார்ந்திருப்பார். உள்ளே குனிந்து மேலே பார்த்தால் இன்னொரு வரிசைச் சிற்பங்கள். அதில் சிங்கத்தின் மேல் ஏறி வில்லை வளைக்கிற பெண் தெய்வம், எதிரே யானை மேல் ஒரு வீரன். மகனுக்கு இது ஒன்று போதும்.

அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். அதனால் அவரை மேலே கூட்டிப்போக வேண்டாம், வீட்டில் விட்டுவிட்டும் போக வேண்டாம். அய்யனார் கோயில் ஆலமர நிழல் அவருக்கு நல்ல இடம். குளத்தைச் சுற்றி மெதுவாக ஒரு நடை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் இறங்கி வந்ததும் பேரப்பிள்ளைகள் பார்த்ததையெல்லாம் சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமே.

அத்தையும் மேலே வர ஆசைப்பட்டால் அழகர்கோயில். அடிவாரத்திலிருந்து பழமுதிர்ச்சோலை, நூபுரகங்கை வரை மரநிழலில் சாலை போகிறது. நீங்களும் மகளும் நடந்து ஏறுங்கள், கணவர் அத்தையையும் சின்னவனையும் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து முருகன் கோயிலில் காத்திருக்கட்டும். குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினாலே பறித்துவிடும், எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு மூடிவிடுங்கள். நடக்கும்போது பிள்ளைகள் கையில் தின்பண்டம் வேண்டாம்.

கொஞ்சம் பழகிய பிறகு மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சுமார் 250 வகைப் பறவைகள். குடைவரைச் சிவன் கோயில் ஒன்றும், தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்து வெட்டிய குகை ஒன்றும் உண்டு. வல்லூறுகள் வட்டமிடுவதைப் பார்க்க ஒரு பைனாக்குலர் இருந்தால் நல்லது. இங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடினார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. அந்தக் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு நன்றாகவே புரியும்.

மலைதான் வேண்டும் என்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் கண்மாய்க்கரையில் நடப்பது தனி சுகம். சமதரை, அத்தைக்கும் சின்னவனுக்கும் ஒன்றும் கஷ்டமில்லை. நாரையும் நீர்க்காகமும் பார்க்கலாம், மடையில் தண்ணீர் வயலுக்குப் போவதைக் காட்டலாம். கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் பாய்கிற நாளில் மட்டும் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எப்படித் தேடுவது என்று கேட்டீர்கள். போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றுங்கள். வீட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கிற குன்றுகளும் கண்மாய்களும் பளிச்சென்று தெரியும். பாதை எங்கே தொடங்குகிறது என்பதை மேப்பைவிட ஆடு மேய்ப்பவரும் கோயில் பூசாரியும் சரியாகச் சொல்வார்கள். புது இடம் என்றால் ஒரு ஞாயிறு உங்கள் கணவர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நிழல் எங்கே, வழுக்குப் பாறை எங்கே, எங்கிருந்து திரும்பலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அன்றைய நடை நிம்மதியாக இருக்கும். ஊரில் ‘பசுமை நடை’ நண்பர்கள் இந்த மலைகளுக்கெல்லாம் மக்களைக் கூட்டிப்போய் வரலாறு சொல்கிறவர்கள். அவர்களோடு ஒருமுறை போய்வந்தால் ஒரு மலையை எப்படிப் பார்ப்பது என்பதே பிடிபட்டுவிடும்.

நேரம்தான் முக்கியம். ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள், எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் மேலே வெயில், கீழே அனல். பங்குனி, சித்திரையில் மலையை மறந்துவிடலாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், பாசி வழுக்கும். சுனையில் யாரும் இறங்கக் கூடாது. பின்னால் வார் வைத்த செருப்போ ஷூவோ எல்லாருக்கும் வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்கு அரை லிட்டர். பாறை மடிப்பில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் கத்தாமல், கல் எறியாமல் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் கொடைக்கானல் ஆசையும் நியாயமானதுதான். ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 2024 அக்டோபரில் அரசே ஒரு திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். எளிதானதை எடுங்கள், பிள்ளைகளுக்கான வயது விதியைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். மகள் ஏழெட்டு முறை சமணர் மலை ஏறி இறங்கிய பிறகு அவளும் அப்பாவும் மட்டும் அதற்குப் போய்வரட்டும். அந்த ஞாயிறு நீங்களும் அத்தையும் சின்னவனும் கண்மாய்க்கரைக்குப் போங்கள்.