பருவத் தேர்வும் நூல் மதிப்புரையும்: ஒரு வணிகவியல் மாணவிக்குப் பதில்

இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே சிற்றிதழ்களுக்கு நூல் மதிப்புரை எழுதி வருவதாகவும், அடக்கவிலைக் கணக்கியலில் ஓர் அரியர் விழுந்த பிறகு எழுத்தை அடியோடு நிறுத்தும்படி தந்தையார் வற்புறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் இப்போதுள்ள அளவில் தொடரவும் வேண்டாம்.

300 பக்க நாவல் ஒன்றை மதிப்புரை எழுதும் நோக்குடன் நிதானமாகப் படிக்க ஏறத்தாழ 10 மணி நேரமும், எழுதித் திருத்தி அனுப்ப மேலும் 5 மணி நேரமும் ஆகும் என்று கொண்டால், மாதம் நான்கு நூல்களுக்கு 60 மணி நேரம் தேவைப்படுகிறது. வகுப்பும் பேருந்துப் பயணமும் போக எஞ்சும் மாலைப் பொழுதுகளில் பெரும்பகுதி இதற்கே சரியாகிவிடும்போது, அன்றாடம் கணக்குப் போட்டுப் பழக வேண்டிய ஒரு தாள் கைநழுவியதில் வியப்பில்லை. கோட்பாட்டுத் தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் படித்து ஒருவாறு கரையேறிவிடலாம் (இதை நான் சொன்னதாகப் பேராசிரியர்களிடம் சொல்ல வேண்டாம்); அடக்கவிலைக் கணக்கு அப்படி வசப்படாது.

பருவ நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகின்றன. அவற்றுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அகமதிப்பீட்டுத் தேர்வுகளும் ஒப்படைப்புகளும் நெருக்கும். தமிழ்ப் பதிப்புலகமோ பொங்கலையொட்டி நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றியே இயங்குவதால், புதிய நூல்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் குவிகின்றன. ஒரு பருவம் முடிந்து அடுத்ததன் பாடச்சுமை ஏறுவதற்கு முன்னர் வரும் இந்த வாரங்கள் உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். இவற்றையும் மே மாத விடுமுறையையும் எழுதுவதற்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மாதங்களில் படிக்கும்போதே பக்க எண்ணுடன் குறிப்பெடுத்து வைப்பதோடு நின்றுகொள்ளுங்கள். ஆண்டுக்கு எட்டு மதிப்புரைகள், அவையும் செறிவானவை என்றால், அதுவே தாராளம்.

உங்களை உண்மையில் நெருக்குவது பதிப்பாளர்கள் அனுப்பும் இலவசப் பிரதிகள்தாம் என்று தோன்றுகிறது. நீங்கள் கேட்காமல் வந்த பிரதிக்கு எழுதியே தீர வேண்டிய கடமை எதுவுமில்லை. கேட்டு வாங்கியதற்கு மட்டும் உண்டு. நீங்கள் மதுரையில் இருப்பதால், 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அங்கே நீங்களே தேர்ந்து படிக்கும் ஒரு பழைய நூலைப் பற்றி எழுதினால் கெடு வைப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

தந்தையாரின் அச்சத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். தமிழில் மதிப்புரை எழுதியே பிழைப்பது அரிது. பல சிற்றிதழ்கள் சன்மானம் தருவதில்லை. எனினும் பதிப்பகங்களில் பிரதி செம்மையாக்கம், மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு ஆகிய பணிகளுக்கு விண்ணப்பிக்கும்போது, அச்சில் வந்த பத்துக் கட்டுரைகள் உங்களுக்காகப் பேசும். எந்த இளங்கலைப் பட்டத்துக்குப் பின்னரும் சேரக்கூடிய நூலக அறிவியல் படிப்பும், சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் உள்ளது போன்ற இதழியல் முதுநிலைப் பட்டயப் படிப்பும் உங்கள் ஆர்வத்துக்கு ஏற்றவை. இவை அனைத்துக்கும் பட்டம் கையில் இருக்க வேண்டும். ஆதலால் அரியர் தாளை அடுத்த வாய்ப்பிலேயே எழுதித் தேர்ச்சி பெறுவதற்கான திட்டத்தைத் தாளில் எழுதித் தந்தையாரிடம் காட்டிய பிறகு, எழுத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இந்த வாரமே உங்களுக்கு நூல் அனுப்பும் இதழாசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். ஒப்புக்கொண்டவற்றில் முடிக்கக்கூடிய ஒன்றை மட்டும் எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று குறிப்பிட்டு, ஏனையவற்றைத் திருப்பி அனுப்புவதாகவும், தேர்வு முடியும்வரை புதிய பிரதிகள் வேண்டாம் என்றும் தெரிவித்தால் போதும். காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.