40 வாட்டா, 100 வாட்டா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பேசியே பாடம் நடத்துவதைக் கைவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளே குழுவாகப் படிக்கும் படைப்பாற்றல் கல்வி முறை பள்ளிகளுக்கு வந்தபோது நானும் குழு பிரித்தேன், மனவரைபடம் வரைய வைத்தேன். சத்தம்தான் மிச்சம். பத்தாம் வகுப்புக்குப் போர்ஷன் முடிக்க வேண்டாமா? பிள்ளைகளே "நீங்க நடத்துனாதான் சார் புரியுது" என்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனவரைபடம் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த நாட்களில் காட்பாடிப் பக்கம் சில வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்த சொற்களை வட்டத்துக்குள் எழுதிக் கோடு இழுத்தார்கள். கைக்குத்தான் வேலை.

ஆனால் "புரியுது" என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. ஒரு சாரார் நல்ல விரிவுரை கேட்டார்கள். மற்றவர்கள் அதே பாடத்தின் கணக்குகளைக் குழுவாகப் போட்டுப் பார்த்தார்கள். தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியது கணக்குப் போட்டவர்கள். அதிகம் கற்றதாக நினைத்ததோ விரிவுரை கேட்டவர்கள். அது கல்லூரிதான். ஆனால் நான் படித்த பாலாற்றங்கரைப் பள்ளியில் எனக்கும் இதுவே நடந்தது. சார் போர்டில் போடும்போது தெளிவாக இருந்த கணக்கு, இரவு வீட்டில் எடுத்தால் முதல் வரியே வராது.

மின்னோட்டவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 40 வாட் குண்டு பல்பு, ஒரு 100 வாட் குண்டு பல்பு. இரண்டையும் தொடராக இணைத்தால் எது பளிச்சென்று எரியும்? முதலில் ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுதட்டும். பலரும் 100 என்றுதான் எழுதுவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் காரணம் சொல்லட்டும். பிறகு நீங்களே ஸ்விட்சைப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் கை வைக்க வேண்டாம். பளிச்சென்று எரிவது 40. இப்போது பேசுங்கள்: 220 வோல்ட் பல்புகளில் 40 வாட்டின் மின்தடை 1210 ஓம், 100 வாட்டுக்கு 484 ஓம்தான். தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். தடை கூடிய இடத்தில் வெப்பமும் ஒளியும் கூடும். தப்பாக எழுதிய பிள்ளைதான் இதை முழுக் காதோடு கேட்கும்.

இதற்குப் பெஞ்சை நகர்த்த வேண்டாம், சார்ட் ஒட்ட வேண்டாம். பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை நான் தடுக்கவில்லை, பிள்ளை யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடாதீர்கள் என்கிறேன்.

ஒரே ஒரு பிரிவில் செய்து பாருங்கள், இன்னொன்றில் வழக்கம்போல நடத்துங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு பிரிவுக்கும் சொல்லாமல் ஒரு தேர்வு வைத்து, என்ன வந்தது என்று எழுதுங்கள். நான் சொன்னதற்கு எதிராக வந்தாலும் இங்கேயே வெளியிடுகிறேன்.