சுவர் எந்த ஊர்ச் சுவர்?

அன்புள்ள அக்கா,

நீங்கள் 'அட்டாக் ஆன் டைட்டன்' பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் அந்த மாங்காவின், அதாவது மனிதரைத் தின்னும் டைட்டன் என்ற ராட்சதர்களுக்குப் பயந்து மக்கள் பெருஞ்சுவர்களுக்குள் வாழும் அந்த ஜப்பானியப் படக்கதையின், 34 தொகுதிகளையும் வாங்கினேன். மூன்று வருடமாக ஜெர்மனியில், ஆக்ஸ்பர்க்கில் வேலை. கூட வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், "அந்தக் கதையில் வருகிற ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, வா" என்று போன மாதம் நோர்ட்லிங்கனுக்கு ரயிலில் அழைத்துப் போனான். வட்டமான ஊர், சுற்றிலும் மதில், உள்ளே முழுக்கச் சிவப்பு ஓடு. தேவாலயக் கோபுரத்தின் மேல் நின்று பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அப்படியே கதையில் வரும் ஷிகன்ஷினா!

ஆனால் இன்னொரு நண்பர், அது பிரான்ஸில் உள்ள கார்கசோன் என்கிறார். ஜப்பானில் ஏதோ ஓர் அணைக்கட்டைப் பார்த்துத்தான் ஆசிரியர் கதையின் சுவரையே வரைந்தார் என்று ஒரு வீடியோ சொல்கிறது. மடகாஸ்கர் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது? ஆசிரியர் வாய் திறக்காதவரை ரசிகர்கள் கட்டும் இந்த ஃபேன் தியரி எல்லாம் வெட்டி வேலைதானா?

ஆர்., ஆக்ஸ்பர்க்

*

அன்புள்ள ஆர்.,

முதலில் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஊரைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் 350 படி ஏறியிருக்கிறீர்கள்.

ஆனால் அங்கே நின்று நீங்கள் பார்த்தது ஷிகன்ஷினா இல்லை. வீட்டுக்குப் போய் முதல் தொகுதியை எடுத்துப் பாருங்கள். ஷிகன்ஷினா, மரியா என்ற வெளிச்சுவரின் தெற்கு விளிம்பில் வெளியே பிதுங்கி நிற்கிற அரைவட்டம். முழு வட்டமாக இருப்பது மூன்று பெருஞ்சுவர்கள்தான். அவற்றில் வெளிச்சுவருக்கு ஆரம் 480 கிலோமீட்டர், உயரம் 50 மீட்டர். நோர்ட்லிங்கன் மதிலை ஒரு சுற்று வர 2.7 கிலோமீட்டர் நடந்தால் போதும். காலையில் கிளம்பினால் காபி ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

இன்னொன்று. மாங்காவின் பக்கங்கள் கறுப்பு வெள்ளை. உங்கள் கண்ணில் பட்டதும் உடம்பைச் சிலிர்க்க வைத்த அந்தச் சிவப்பு, 2013இல் அந்தக் கதையை வைத்து வந்த அனிமேயின் (கார்ட்டூன் தொடர்) பின்னணி ஓவியர்கள் பூசியது. ஆசிரியர் ஹஜிமே இசயாமா மாங்காவைத் தொடங்கியது 2009இல். எரென் யேகர், ரைனர் பிரவுன் என்று பாத்திரங்களின் பெயர்களில் ஜெர்மன் வாடை, மரச்சட்டம் தெரியும் வீடுகள், அனிமேயின் தொடக்கப் பாட்டிலேயே ஜெர்மன் வரிகள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வானிலிருந்து எடுத்த ஒரு படத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறி தட்டும். ஆனால் அந்தத் தியரிக்கு இருக்கும் அஸ்திவாரம் அந்த ஒரு படம்தான். கார்கசோனுக்கு அதுவும் இல்லை. அழகான கோட்டை, அவ்வளவே.

உருவ ஒற்றுமையை நம்பி ஏமாந்த கதை ஒன்று அந்த ஊருக்கே உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

நோர்ட்லிங்கன் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இருக்கிறது. ரீஸ் என்று பெயர், குறுக்களவு சுமார் 24 கிலோமீட்டர். ஊரின் வட்டத்துக்கும் இந்த வட்டத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஊர் வளர்ந்து பழைய மதிலை மீறியதால் 1327இல் பெரிய மதிலுக்கு ஆணை பிறந்தது, அதுதான் நீங்கள் நடந்தது. கிண்ணம் ஒன்றரைக் கோடி ஆண்டுப் பழசு. வட்டமான பள்ளம், எரிந்து உருகிய மாதிரிக் கற்கள். நீண்ட காலம் அறிஞர்களே அதை எரிமலை வாய் என்றுதான் சொல்லிவந்தார்கள். பார்க்க அப்படித்தான் இருந்தது. 1960இல் யூஜின் ஷூமேக்கர், எட்வர்ட் சாவ் என்ற இருவர் அந்தக் கல்லைச் சோதித்தார்கள். உள்ளே கோயசைட் என்ற கனிமம் இருந்தது. எரிமலை கொடுக்கக்கூடிய அழுத்தத்தில் அது உருவாகாது. நிலத்தின் மேற்பரப்பில் அது பிறக்க, விண்ணிலிருந்து ஒரு பெருங்கல் வந்து மோதினால்தான் உண்டு. நீங்கள் ஏறினீர்களே, அந்தக் கோபுரமே மோதலில் பிறந்த அந்தக் கல்லால் கட்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள்கூட அதில் இருக்கின்றன. உண்மையைச் சொல்லும் கல்லைச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டு, பல நூறு ஆண்டு அதன் கீழே நின்று கும்பிட்டிருக்கிறார்கள்.

ஃபேன் தியரி என்று எது வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்: இது பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்துச் சொன்னதா, கல்லை உடைத்துப் பார்த்துச் சொன்னதா?

இசயாமா 1986இல் பிறந்தவர். ஊர் ஓயாமா. ஓயிதா மாகாணத்தில், இப்போது ஹிதா நகரத்தோடு சேர்ந்துவிட்ட மலைக்கிராமம். சுற்றிலும் மலை. அந்த மலைகளுக்கு நடுவே அடைபட்ட மாதிரி வளர்ந்ததையும், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஏங்கியதையும் அவரே சொல்லியிருக்கிறார். டைட்டன்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் அவர் சொன்ன பதில் உண்டு. இன்டர்நெட் கஃபேயில் வேலை பார்த்தபோது ஒரு குடிகார வாடிக்கையாளர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். எதிரில் நிற்பது மனிதன்தான், ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசிப் புரியவைக்க முடியாது. அந்தப் பயம்தான் டைட்டன். இதைப் படித்த பிறகு டைட்டன்களின் அந்த இளிப்பை மறுபடி பாருங்கள், டாஸ்மாக் வாசலில் பார்த்த முகமாகத் தெரியும்.

அணைக்கட்டுக்கு வருவோம். உங்கள் வீடியோக்காரர் குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டிவிட்டார். ஓயாமா அணை 94 மீட்டர் உயரம், உண்மைதான். ஆனால் அது செயல்பாட்டுக்கு வந்தது 2013இல், மாங்கா தொடங்கி நான்கு ஆண்டு கழித்து. 2020 நவம்பரில் அந்த அணைக்கு எதிரே கதையின் முக்கியப் பாத்திரங்களான எரென், மிகாசா, அர்மின் மூவருக்கும் சிறுவர் உருவத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். மூன்று பிள்ளைகளும் அண்ணாந்து அணையைப் பார்க்கிறார்கள், அதன் மேலே இப்போது ஒரு தலை எட்டிப்பார்க்கப் போகிறது என்பது போல. எழுத்தாளர் பிறந்த ஊர் தன்னிடமிருந்த கான்கிரீட் சுவரை அவர் கதைக்குத் தந்துவிட்டது. கதை ஊரைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்கிற இந்த வேடிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. தைவானில் ஜியூஃபென் என்ற மலையூருக்கும் இதே கதைதான். 'ஸ்பிரிட்டட் அவே' அனிமே படத்தின் ஊர் அது இல்லை என்று அதன் இயக்குநர் மியாசாகியே தைவான் தொலைக்காட்சியிடம் சொல்லிப் பார்த்துவிட்டார். கூட்டம் குறைந்தபாடில்லை.

(நீங்கள் ஏறிய கோபுரம் 90 மீட்டர், அணை 94. 60 மீட்டர் டைட்டன் வந்து நின்றாலும் இரண்டு இடத்திலிருந்தும் அதன் உச்சந்தலையைத்தான் பார்க்க முடியும். இதைச் சொல்லிவிட்டேன் அல்லவா, நாளைக்கே இதை வைத்து யாராவது தியரி கட்டுவார்கள்.)

மடகாஸ்கர் விஷயம் மட்டும் வேறு. கதையை முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். பின்பாதியில் வரும் உலக வரைபடம் நம்முடைய வரைபடத்தையே புரட்டிப் போட்டதுதான். அந்தச் சுவர்கள் நிற்கும் பாரடிஸ் தீவு இருக்கும் இடத்தில் நம் வரைபடத்தில் இருப்பது மடகாஸ்கர். 1940இல் நாஜி வெளியுறவுத் துறை ஐரோப்பிய யூதர்களையெல்லாம் மடகாஸ்கருக்கு நாடு கடத்த ஒரு திட்டம் தீட்டியது. அது நிறைவேறவில்லை, அதைவிடக் கொடியது நடந்தது. கதையில் எல்டியர்கள் என்ற இனத்தார் கைப்பட்டை கட்டிக்கொண்டு வேலி போட்ட குடியிருப்பில் வாழ்கிறார்கள், தண்டிக்கப்பட்டவர்களைக் கப்பலேற்றி அந்தத் தீவுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். இங்கே வடிவ ஒற்றுமை மட்டும் இல்லை. வரைபடம், கைப்பட்டை, வேலி, கப்பல் எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கின்றன. ஆசிரியர் வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் இதை நான் நம்புவேன். ஆனால், அதை வைத்து அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டால், அங்கே எனக்கு அவரோடு சண்டை உண்டு. துன்பப்பட்ட ஒரு மக்களின் அடையாளங்களை எடுத்து, ஒரு காலத்தில் உலகத்தையே மிதித்து ஆண்ட இனத்துக்கு மாட்டிவிட்டால், படிப்பவன் அந்த வரலாற்றைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இவ்வளவு கறார் பேசிவிட்டேன். எனக்கும் ஒரு தியரி இருக்கிறது, கேளுங்கள்.

மாங்கா என்றதும் என் அம்மாவுக்கு ஊறுகாய்தான் ஞாபகம் வரும். ஓயாமாவிலும் ஊறுகாய் உண்டு. ஊமே என்ற பிளம் காயை உப்பில் போட்டு ஊறவைப்பார்கள், நம் வடுமாங்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அந்தப் பள்ளத்தாக்கில் நெல்லுக்கு இடம் போதாது. 1961இல் அந்தக் கிராமத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. நெல்லை விட்டுவிட்டுப் பிளமும் செஸ்ட்நட்டும் நடுங்கள் என்றது. அதன் முழக்கம் என்ன தெரியுமா? 'பிளம் நடுவோம், செஸ்ட்நட் நடுவோம், ஹவாய் போவோம்!' நட்டார்கள், விற்றார்கள், ஹவாயும் போனார்கள்.

நான்கு பக்கமும் மலை, காலடியில் ஒரு முழம் நிலம், மனதில் மட்டும் கடல். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எரெனிடம் அர்மின் கடலைப் பற்றிச் சொல்கிற அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விவசாயிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இசயாமா பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் சுவரைத் தாண்டிக் கடலைப் பார்த்துவிட்டார்கள். ஆதாரம்? ஒரு துளிகூடக் கிடையாது. இதுவும் பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் விட மனசில்லை. ஆகவே உங்கள் நண்பனைத் திட்டாதீர்கள். வெட்டி வேலையா என்று கேட்டீர்கள். அவன் இல்லாவிட்டால் அந்த ரயிலில் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் பகலிலேயே திரும்பிவிட்டீர்கள் போலிருக்கிறது, அதுதான் தப்பு. அந்தக் கோபுரத்தில் இன்றும் காவல்காரர் உண்டு. இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அரைமணிக்கு ஒருமுறை 'ஸோ, க்ஸெல், ஸோ' என்று கூவுவார். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1440இல் எதிரிப் பிரபு ஒருவர் காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து, ஒரு கோட்டைக் கதவைத் தாழிடாமல் விடச் செய்தாராம். கட்டறுத்துத் திரிந்த ஒரு பெண்பன்றி அந்தக் கதவில் முதுகைத் தேய்க்க, கதவு திறந்துகொண்டதாம். அதைப் பார்த்த ஒரு பெண் கூச்சல் போட்டு ஊரைக் காப்பாற்றினாளாம். ஷிகன்ஷினாவில் 60 மீட்டர் டைட்டன் உதைத்துத் திறந்த கதவை, இங்கே ஒரு பன்றி முதுகு சொறிந்தே திறந்திருக்கிறது.

அடுத்த முறை ஓர் இரவு தங்குங்கள். அந்தக் கூவலைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா